வி.ஆர். ஹெட்செட் மாட்டினா படிப்பு வருமா? கடலூர், பாண்டி பக்கம் எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கேன், பாலிடெக்னிக்ல வெல்டிங், ஃபிட்டிங் ஒர்க்‌ஷாப் எடுக்குறேன். மூணு வருஷமா லீவு நாள்ல ரெண்டு ஹெட்செட்ட பையில போட்டுக்கிட்டு நெல்லிக்குப்பம், பாகூர், பாண்டின்னு ஸ்கூல் ஸ்கூலா பஸ்ல போயிட்டிருக்கேன். போற எடத்துல எல்லாம் டீச்சருங்க, அப்பா அம்மாங்க, காலேஜ் பசங்க கேக்குறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான். ஒவ்வொருத்தருக்கா வாட்ஸ்அப்ல பதில் போடுறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வி.ஆர்.னா என்ன? யூட்யூப்ல வர்ற 360 வீடியோவும் அதுவும் ஒண்ணா?

வி.ஆர்.னா விர்ச்சுவல் ரியாலிட்டி, தலையில ஹெட்செட்ட மாட்டினா கம்ப்யூட்டர் காட்டுற எடத்துக்குள்ளயே நீங்க இருக்கிற மாதிரி ஆயிடும். 360 வீடியோவும் அதுவும் ஒண்ணு இல்ல. சில்வர் பீச் மணல்ல ஒரு கேமராவ நட்டு வச்சு 360 வீடியோ எடுத்தா, நீங்க தலைய எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரியும், ஆனா கேமரா நின்ன எடத்த விட்டு ஒரு அடி கூட நகர முடியாது, பக்கத்துல நிக்கிற படகுக்கு அடியில என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்க முடியாது. நெஜமான வி.ஆர்.ல குனிஞ்சா படகோட அடிப்பலகை தெரியும், ரெண்டு எட்டு வச்சா அந்தப் பக்கம் போயிடலாம், கைய நீட்டினா துடுப்ப எடுக்கலாம். 2014ல கூகுள் விட்ட கார்ட்போர்ட் அட்டைப்பெட்டி மொத வகை, 2019ல வந்த குவெஸ்ட் மாதிரி ஹெட்செட்டுங்க ரெண்டாவது வகை. யாராவது உங்க ஸ்கூலுக்கு "வி.ஆர். லேப்" போட்டுத் தரேன்னு வந்தா மொதல்ல இத கேளுங்க: குனிஞ்சா அடியில தெரியுமா, கையால எடுக்க முடியுமா? ஒடம்பு செய்யுற வேலைய கத்துக்க வைக்கணும்னா அது ரெண்டும் இருந்தே ஆகணும்.

இது இப்ப வந்த ஃபேஷனா?

இல்லைங்க, ஆணிவேர் ரொம்ப பழசு. அமெரிக்கால எட்வின் லிங்க்னு ஒருத்தர், அவங்க அப்பா பியானோவும், காத்தால சத்தம் வர்ற ஆர்கன் வாத்தியமும் செய்யுற ஃபேக்டரி வச்சிருந்தவர். அந்த ஆர்கன்ல காத்து அடிக்கிற துருத்திய வச்சே 1929ல தரையில நின்னுக்கிட்டே ஆடுற ஒரு விமானப் பொம்மை செஞ்சாரு, பைலட் அதுல உக்காந்து பழகலாம். ஆரம்பத்துல அத பெருசா யாரும் எடுத்துக்கல. 1934ல விமானத்துல தபால் கொண்டு போற வேலைய ராணுவத்துக்கிட்ட குடுத்தாங்க, மோசமான வானிலைல ஓட்டிப் பழக்கமில்லாத பைலட்டுங்க சில வாரத்துலயே வரிசையா செத்துப் போனாங்க, அதுக்கப்புறம்தான் ராணுவம் ஆறு மெஷின் வாங்குச்சு. தலையில மாட்டுற திரைய 1968ல ஐவன் சதர்லேண்ட் செஞ்சாரு, அது சீலிங்லேர்ந்து ஒரு கம்பியில தொங்கும். 1993ல ஹப்பிள் தொலைநோக்கிய ரிப்பேர் பண்ணப் போன விண்வெளி வீரருங்க கிளம்புறதுக்கு முன்னாடி வி.ஆர்.லயும் பழகிட்டுத்தான் போனாங்க. தப்பு பண்ணினா உயிர் போற எடத்துலதான் இந்த டெக்னாலஜி பொறந்துச்சு, வளந்துச்சு. கீழ நான் சொல்லப்போற பதில் எல்லாத்துக்கும் அடியில இதுதான் இருக்கு.

பையன் ஹெட்செட்ல பாடத்த பாத்தா மனசுல நல்லா பதியுமா?

இதத்தான் அதிகமா கேக்குறாங்க, இதுக்குத்தான் நான் அதிகமா "இல்ல"ன்னும் சொல்றேன். 2019ல மக்ரான்ஸ்கி, மேயர் டீம் 52 காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணினாங்க. அதே சயின்ஸ் லேப் பாடம், ஒரு தடவ சாதா கம்ப்யூட்டர்ல, ஒரு தடவ ஹெட்செட்ல, தலையில மூளையோட மின் அலைய பதியுற ஈ.ஈ.ஜி. வேற மாட்டி மூளைக்கு எவ்வளவு சுமைன்னு அளந்தாங்க. ஹெட்செட்ல பாக்குறப்ப "நான் அங்கயே இருந்தேன்"ங்கற உணர்வு அதிகம், ஆனா கத்துக்கிட்டது கம்மி. அதுக்கு முந்தின வருஷம் பரோங், மேயர் ரெண்டு பேரும் கலிஃபோர்னியால ரத்த ஓட்டப் பாடத்த ஹெட்செட்லயும் ஸ்லைடுலயும் நடத்திப் பாத்தாங்க, ஸ்லைடுல படிச்சவங்கதான் டெஸ்ட்ல நல்லா பண்ணினாங்க, ஹெட்செட் பசங்களுக்கு ஆர்வம் மட்டும் கூட. சுத்தி ஓடுற அலங்காரத்துலயே கவனம் போயிடுது, பாடத்துக்கு மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான்.

ரிச்சர்ட் கிளார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1983லயே ஒண்ணு சொன்னாரு, மளிகைச் சாமான் கொண்டு வர்ற லாரிய மாத்துறதால நம்ம ஒடம்புல சத்து கூடாது, பாடத்த சுமந்துக்கிட்டு வர்ற கருவியும் அப்படித்தான்னு. அத முழுசா ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, ஆனா ஹெட்செட்ட கையில எடுக்குறப்ப எல்லாம் எனக்கு அந்த லாரி ஞாபகம் வரும்.

பாகூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல எட்டாவது படிக்கிற பொண்ணு இதயத்துக்குள்ள போயிட்டு வந்தா. கழட்டினதும் முகமெல்லாம் சிரிப்பு, "சூப்பரா இருந்துச்சு சார், செவப்பு செவப்பா உருண்டையா பக்கத்துலயே ஓடுச்சு"ன்னா. நுரையீரலுக்கு ரத்தத்த தள்ளுறது எந்த அறைன்னு கேட்டேன், முழிச்சா. அன்னியிலேர்ந்து நான் மாத்திட்டேன், மூணு நிமிஷம் பாத்தா ஹெட்செட்ட கழட்டணும், நோட்டுல தன் கையால படம் போட்டு ரெண்டு வரி எழுதணும், அப்புறம்தான் அடுத்த மூணு நிமிஷம். இது நானா கண்டுபிடிச்சது இல்ல, மேல சொன்ன பரோங், மேயர் அதே ஆராய்ச்சியில இன்னொன்னும் செஞ்சாங்க, ஒவ்வொரு பகுதி முடிஞ்சதும் சுருக்கி எழுதச் சொன்னப்ப ஹெட்செட் பசங்களுக்கும் மார்க் ஏறுச்சு. அடுத்த தடவ நான் போனப்ப அந்தப் பொண்ணு, வலது கீழறைய நீல பேனால வரைஞ்சு அம்புக்குறி போட்டுக் காட்டினா.

அப்ப வேற எதுக்குத்தான் உதவும்?

கை செய்யுற வேலைக்கு. அதுலயும், நெஜத்துல பழகினா யாருக்காவது அடிபடும்ங்கற வேலைக்கு. 2002ல யேல் யூனிவர்சிட்டில 16 இளம் டாக்டருங்கள ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு வி.ஆர்.ல லேப்ராஸ்கோபி, அதாவது வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷனுக்கு, பயிற்சி குடுத்துட்டு, எல்லாரையும் நெஜமான பித்தப்பை ஆபரேஷன் பண்ண வச்சாங்க. பயிற்சி எடுத்தவங்க பித்தப்பைய பிரிக்கிறத 29 சதவீதம் வேகமா முடிச்சாங்க, பயிற்சி எடுக்காதவங்க பித்தப்பையில காயம் பண்ணவோ பக்கத்துல இருக்கிற திசுவ சுடவோ அஞ்சு மடங்கு வாய்ப்பு அதிகமா இருந்துச்சு. இங்கிலாந்துல கண்புரை ஆபரேஷன் கத்துக்கிற மொத ரெண்டு வருஷ டாக்டருங்களுக்கு சிமுலேட்டர், அதாவது நெஜ வேலை மாதிரியே பழக வைக்கிற மெஷின், வந்த காலத்துல, கண்ணு லென்ஸ் பையோட பின்பக்கத்து மெல்லிசு சவ்வு கிழியறது 2009ல 4.2 சதவீதமா இருந்தது 2015ல 2.6ன்னு எறங்கிடுச்சு.

கண்புரைன்னா நம்ம ஊருக்கு சொல்லித் தரணுமா. கடலூர்லேர்ந்து பாண்டி போற ரோட்ல தவளக்குப்பம் அரவிந்த் ஆஸ்பத்திரி வாசல்ல கண்ணுக்கு பச்சைத்துணி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற தாத்தா பாட்டிங்கள பாக்காதவங்க யாரு. இங்க முகாம்ல அதிகம் பண்ற சின்னக் கீறல் ஆபரேஷனுக்குன்னே சிமுலேட்டர் செஞ்ச நிறுவனம் ஹெல்ப்மீசீ, அத 2010ல ஆரம்பிச்சவர் ஆல் யூல்ட்ஷி. அவரு அதுக்கு முன்னாடி 1951லேர்ந்து பைலட்டுங்களுக்கு சிமுலேட்டர் பயிற்சி குடுக்குற கம்பெனி நடத்தினவரு. ஆகாயத்துல கத்த பாடத்த கண்ணுக்குக் கொண்டு வந்தாரு. எங்க ஆயாவுக்கு கண்ணு ஆபரேஷன் பண்ணினப்ப அந்த டாக்டரோட கை இதுக்கு முன்னாடி எத்தன கண்ணத் தொட்டிருக்கும்னு நான் வெளிய பெஞ்சுல உக்காந்து யோசிச்சது எனக்குத்தான் தெரியும்.

உங்க தொழில், வெல்டிங்ல எப்படி?

நான் கண்ணால பாத்தத சொல்றேன். மொத தடவ வெல்டிங் ராடு மாட்டுற ஹோல்டர பிடிக்கிற பையன், ராடு நுனியில மின்பொறி, அதாவது ஆர்க், அடிச்சதும் பயந்து கைய வெடுக்குன்னு இழுப்பான், இல்லன்னா ரொம்ப கிட்ட கொண்டு போயி ராடு பிளேட்ல ஒட்டிக்கும். ஒட்டின ராட பிடிச்சு ஆட்டி ஆட்டி எடுக்கறதுலயே மொத வாரம் போயிடும், ராடும் பிளேட்டும் காசு, அதனால ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு மூணு ராடுக்கு மேல குடுக்க முடியறதில்ல. சிமுலேட்டர்ல அதே பையன் ஒரு மணி நேரத்துல நாப்பது தடவ ஆர்க் அடிக்கலாம். கை எந்த சாய்வுல இருந்துச்சு, நுனிக்கும் பிளேட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எவ்வளவு வேகத்துல நகந்துச்சுன்னு மூணையும் கோடு போட்டுக் காட்டும். நான் பக்கத்துல நின்னு "தம்பி, கொஞ்சம் மெதுவா"ன்னு கத்துறத விட அந்தக் கோடு தெளிவா சொல்லுது, அத நான் ஒத்துக்கிறேன்.

ஆனா சூடு தெரியாது. பொறி சட்டைக்குள்ள விழாது, பொகை மூக்குல ஏறாது, கேபிளோட எடை தோள இழுக்காது, மேல படிஞ்ச கசட்ட, அதாவது ஸ்லாக்க, சிப்பிங் ஹேமரால தட்டினதும் உள்ள வெல்டிங் கோடு, அதான் பீடு, எப்படி வந்திருக்குன்னு பாக்குற அந்த நொடி கெடையாது. அமெரிக்கால அயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டில ஸ்டோன்ங்கறவர் டீம் 2011 வாக்குல சோதிச்சதுல, பாதி நேரம் வி.ஆர்., பாதி நேரம் நெஜ வெல்டிங்னு கலந்து கத்தவங்க, முழுக்க நெஜத்துல மட்டும் கத்தவங்கள விட அதிகமா சர்டிஃபிகேட் வாங்கினாங்க. அப்புறம் பண்ணினதுல, சுலபமான ஜாயிண்டுக்கு வி.ஆர். மட்டுமே கூட போதும், கஷ்டமான பொசிஷனுக்குக் கலந்துதான் கத்துக்கணும்னு வந்துச்சு. அதனால சிமுலேட்டர் வந்துட்டா ராடு வாங்க வேணாம்னு நெனைக்கிற நிர்வாகத்துக்கிட்ட நான் சண்டையே போடுவேன்.

சிப்காட் கம்பெனிங்கள்ல சேஃப்டி ட்ரெயினிங்குக்கு உதவுமா?

உதவும், அதுவும் நல்லாவே உதவும். கெமிக்கல் லீக்க பழகறதுக்காக யாரும் நெஜமா லீக் பண்ணிப் பாக்க முடியாது. இத்தாலில சித்தாரோ, புத்தூசி ரெண்டு பேரும் 2015ல விமான விபத்துல தப்பிக்கிறது எப்படின்னு சொல்லித் தர்றத ஒரு குரூப்புக்கு சீட் பாக்கெட்ல இருக்குமே அந்த சேஃப்டி கார்டுலயும், இன்னொரு குரூப்புக்கு வி.ஆர். கேம்லயும் குடுத்தாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப கார்டு படிச்சவங்களுக்கு மறக்க ஆரம்பிச்சிருச்சு, வி.ஆர்.ல பழகினவங்களுக்கு அப்படியே இருந்துச்சு. மறந்தா உயிர் போற விஷயத்துக்கு ஒரு வாரம்ங்கறது சாதாரணம் இல்ல. இன்னொரு பழைய ஆராய்ச்சி, 1975ல காடனும் பேட்லியும் கடலுக்குள்ள முங்குறவங்கள வச்சுப் பண்ணினது: தண்ணிக்கு அடியில கேட்டு மனசுல வச்ச வார்த்தைங்க தண்ணிக்கு அடியிலயே நல்லா ஞாபகம் வந்துச்சு, கரையில கேட்டது கரையில. எடமும் ஞாபகமும் ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால சேஃப்டி ட்ரெயினிங் வி.ஆர். செய்யுறவங்க உங்க பிளாண்ட்டோட அதே படிக்கட்டு, அதே வால்வு, அதே சைரன் சத்தத்த வச்சு செய்யச் சொல்லிக் கேளுங்க, எங்கயோ இருக்கிற வெளிநாட்டு ஃபேக்டரி மாடல் வேணாம்.

சுனாமி, புயல் விழிப்புணர்வுக்கு ஸ்கூல்ல காட்டலாமா?

இத ரொம்ப யோசிச்சு செய்யுங்க. தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு நிகழ்ச்சில ஒரு அக்கா ஹெட்செட்ட கையில வாங்கினாங்க, மாட்டல, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா "தம்பி, இதுல அலை வருமா?"ன்னாங்க. இல்லக்கா, இது மீனுங்க மட்டும்தான்னேன். அப்பவும் மாட்டல, பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுக்கிட்ட குடுத்துட்டு எழுந்து போயிட்டாங்க. 2004 டிசம்பர் 26ம் தேதி இந்தக் கரையில யாரு யார பறிகுடுத்தாங்கன்னு அவங்கவங்களுக்குத்தான் தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு மரம் ஒண்ணு விடாம விழுந்தத பாத்தவங்க இன்னும் இங்கதான் இருக்கோம். எச்சரிக்கை வந்தா எந்த வழியா ஓடணும், எந்த ஸ்கூல் மாடிக்கு ஏறணும்ங்கறத மட்டும் வி.ஆர்.ல நடந்து காட்டுங்க, அலைய காட்டாதீங்க. யாருக்கும் கட்டாயம் வேணாம், எப்ப வேணா கழட்டலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க.

பயத்த போக்க முடியும்ங்கறாங்களே, மேடைப் பயம்?

முடியுது. பார்பரா ராத்பாம் 1995ல உயரத்துக்கு பயப்படுறவங்கள வி.ஆர்.ல கொஞ்சம் கொஞ்சமா உயரத்துல நிக்க வச்சு பயத்த கொறச்சாங்க. மூளைக்கு இது பொம்மைன்னு தெரியும், ஆனா ஒடம்பு அத கேக்காது. நார்த் கரோலினா யூனிவர்சிட்டில வி.ஆர்.ல ஒரு பள்ளத்த காட்டி, காலுக்கு அடியில நெஜமாவே ஒரு மெல்லிசான மரக்கட்டைய வச்சு, அதோட ஓரத்துல நிக்க விட்டாங்க, இதயத்துடிப்பு ஏறுறத 2002ல அளந்தே போட்டாங்க. லண்டன்ல ஸ்லேட்டர் டீம் கம்ப்யூட்டர் பொம்மை ஆடியன்ஸ் முன்னாடி ஆளுங்கள பேச வச்சாங்க, பொம்மைங்க கொட்டாவி விட்டு மூஞ்சிய திருப்பினப்ப பேசுறவங்களுக்கு பதட்டம் வந்துச்சு, அது பொம்மைன்னு நல்லா தெரிஞ்சும்.

பேச்சுப்போட்டிக்குப் போற பசங்களுக்கு நான் இத வச்சுதான் பழக விடுறேன். மொதல்ல காலி ஹால், அப்புறம் பத்து பேர், அப்புறம் நிறைஞ்ச ஹால். ஒரு பையன் நிறைஞ்ச ஹாலுக்கு வந்ததும் உள்ளங்கைய பேண்ட்ல துடைச்சிக்கிட்டே நின்னான், நாலாவது நாள் துடைக்கல. பரதம், பாட்டு கத்துக்கிற பிள்ளைங்களுக்கும் அரங்கேற்றத்துக்கு முன்னாடி இது பொருந்தும்னு நம்புறேன். ஆனா பெரிய பயம், பழைய துக்கம் இதெல்லாம் மனநல டாக்டர் பக்கத்துல இருந்து செய்யுறது, நாமளா வீட்டுல ட்ரை பண்ணக் கூடாது.

விளையாட்டுக்கு?

அமெரிக்கால ராப் கிரே 2017ல 80 பேஸ்பால் பசங்கள நாலு குரூப்பா பிரிச்சு ஆறு வாரம் பயிற்சி குடுத்தாரு. பையனோட தெறமைக்கு ஏத்த மாதிரி பந்தோட கஷ்டத்த கூட்டிக்கிட்டே போன வி.ஆர். குரூப்தான் நெஜ மைதானத்துலயும் நல்லா முன்னேறுச்சு. சும்மா அதே பந்த திரும்பத் திரும்பப் போட்டா அந்த அளவு வரல. கிரிக்கெட் பேட்டிங்குக்கு இது ஒத்து வரும். கபடிக்கு வராது, எதிராளியோட பிடி தெரியாம கபடி இல்ல.

மாட்டினா தலை சுத்துதே?

கண்ணு "நகர்றேன்"ங்குது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு "உக்காந்துதான் இருக்கேன்"ங்குது, ரெண்டும் ஒத்துப் போகலன்னா வாந்தி வர்ற மாதிரி ஆகும். திண்டிவனம் பஸ்ல புக்கு படிச்சா வர்றதோட தலைகீழ். அதனால ரோலர்கோஸ்டர் காட்டி ஆரம்பிக்காதீங்க, ஒரே எடத்துல நின்னு செய்யுற பாடமா எடுங்க, மொத நாள் அஞ்சு நிமிஷம் போதும். வயித்தப் பொரட்டினா ஒடனே கழட்டணும், "கொஞ்சம் சமாளி"ன்னு சொல்லவே கூடாது. வலிப்பு வர்றவங்களுக்கு டாக்டர கேக்காம வேணாம். சின்னப் பசங்க வயசுக்கு குவெஸ்ட் ஹெட்செட் செய்யுற மெட்டா கம்பெனி முன்ன 13ன்னு வச்சிருந்தாங்க, 2023லேர்ந்து அப்பா அம்மா கணக்கு மூலமா 10 வயசுன்னு கொறச்சாங்க. நான் இன்னும் 13க்கு கீழ நீளமா குடுக்கறதில்ல.

நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் தாங்குமா?

பாத்துக்கிட்டா தாங்கும். முகத்துல படுற ஸ்பாஞ்சுல தேங்கா எண்ணெய், விபூதி, குங்குமம் எல்லாம் ஒட்டும், அடுத்த பிள்ளைக்குப் போறதுக்கு முன்னாடி தொடைக்கணும், கழுவுற மாதிரி ரப்பர் கவர் போட்டுட்டா நல்லது. லென்ஸ தண்ணி படாத மைக்ரோஃபைபர் துணியால மட்டும். எல்லாத்தையும் விட முக்கியம், லென்ஸ் மேல நேர் வெயில் படவே கூடாது. ஒரு மே மாசம் ஜன்னல் ஓரம் பெஞ்சுல வச்சுட்டு சாப்பிடப் போனேன், அந்த லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயில குவிச்சு திரையில மஞ்சளா ஒரு புள்ளி சுட்டுடுச்சு, அது போகவே இல்ல. கரண்ட் கட் பிரச்சினை இல்ல, ராத்திரியே சார்ஜ் போட்டுடுங்க.

காலேஜ் ப்ராஜெக்டுக்கு வி.ஆர். எடுத்திருக்கோம், என்ன பாக்கணும்?

"பசங்களுக்கு பிடிச்சிருந்துச்சு"ங்கறத ரிசல்ட்னு எழுதாதீங்க, புதுசா எது குடுத்தாலும் பிடிக்கும். முன்னாடி ஒரு டெஸ்ட், முடிஞ்சதும் ஒரு டெஸ்ட், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு டெஸ்ட், இந்த மூணாவதத்தான் பல பேரு விட்டுடுறாங்க. ஒப்பிடுற குரூப்புக்கும் அதே பாடம், அதே நேரம் குடுங்க, வி.ஆர். குரூப்புக்கு மட்டும் டீச்சர் கூடுதலா விளக்கினா கணக்கு தப்பாயிடும். தலைசுத்தல அளக்க கென்னடி 1993ல போட்ட கேள்வித்தாள் இருக்கு, 16 அறிகுறி, அத முன்னாடியும் பின்னாடியும் நிரப்பச் சொல்லுங்க. கைவேலைனா நெஜ வேலையில ஒரு தடவ செய்யச் சொல்லி அளக்கணும், வி.ஆர்.ல வாங்கின ஸ்கோர மட்டும் காட்டினா அவன் அந்த கேம நல்லா வெளையாடுறான்னுதான் அர்த்தம். சென்னை ஐ.ஐ.டி.ல எக்ஸ்டிக்னு வி.ஆர்.க்குன்னே ஒரு மையம் இருக்கு, அவங்க வேலைய தேடிப் பாருங்க.

எங்க ஸ்கூலுக்கு எத்தன வாங்கணும்?

ரெண்டு. ஒரு ஸ்கூல்ல இருபது ஹெட்செட் வாங்கி பீரோல வச்சு பூட்டியிருந்தத பாத்தேன், பாடம் இங்கிலீஷ்ல, நம்ம சிலபஸ்ல இல்லாதது, அப்டேட் போடத் தெரிஞ்ச ஒரே டீச்சரும் மாத்தலாகிப் போயிட்டாங்க. அந்த டீச்சரம்மா எடத்துக்கு வந்தவங்க சாவி எங்கன்னே தெரியாம இருந்தாங்க, எனக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. மொதல்ல ஒரு டீச்சருக்கு வாரத்துல ரெண்டு பீரியட் ஒதுக்குங்க, ஒரே ஒரு பாடத்த எடுத்துக்குங்க, பசங்கள நாலு நாலு பேரா பிரிச்சு, ஒருத்தன் மாட்டியிருக்கிறப்ப மத்த மூணு பேரு அவன் சொல்றத கேட்டு நோட்டுல வரையட்டும். கடலூர், பாண்டி சுத்துவட்டாரத்துல யாராவது அப்படி ஆரம்பிக்கிறதா இருந்தா சொல்லுங்க, சனிக்கிழமைல ஹெட்செட்டோட வரேன், பஸ் செலவு கூட வேணாம்.